காய்ச்சல் வந்ததும் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடாதே!

சின்ன வயதில் இதய ஆபரேஷன் செய்துகொண்ட தம்பி தங்கைகளுக்கு அக்காவின் டிப்ஸ்

இருபத்தேழு வருடம் இதய வார்டில் நர்ஸாக இருந்துவிட்டு, இப்போது மகள் வீட்டோடு சிறுசேரியில் இருக்கிறேன். சிப்காட்டில் ராத்திரி ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் பிள்ளைகள்தான் எங்கள் குடியிருப்பு முழுக்க. யாருக்கு உடம்புக்கு முடியாவிட்டாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

ஒரு ஐப்பசி மழை நாளில் கீழ்வீட்டுப் பையன் வந்தான். "அக்கா, ரெண்டு வாரமா சாயங்காலம் ஆனா காய்ச்சல். மெடிக்கல்ல மாத்திரை குடுத்தாங்க, நின்னுச்சு. திரும்ப வந்துடுச்சு. அதே மாத்திரையை இன்னொரு தடவை போட்டேன்" என்றான். சட்டையின் மேல் பட்டன் திறந்திருந்தது. நெஞ்சு நடுவில் நேர்க்கோடாக ஒரு பழைய தழும்பு.

"இது என்னடா?"

"சின்ன வயசுல இதயத்துல ஓட்டை அடைச்சதுக்கா. அது அப்பவே முடிஞ்சு போச்சு."

முடியவில்லை. அடைத்த பேட்ச்சின் ஓரத்தில் கொஞ்சம் கசிவு மிச்சம் இருந்திருக்கிறது. கிருமி அங்கே போய் உட்கார்ந்துவிட்டது. ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து ஊசி போட்டுத்தான் எழுந்தான். அவன் இரண்டு தடவை விழுங்கிய மாத்திரையால், ஆய்வகத்தில் அவன் ரத்தத்திலிருந்து கிருமி வளரவே இல்லை. எந்தக் கிருமி என்று தெரியாமலே டாக்டர்கள் வைத்தியம் செய்ய வேண்டியதாயிற்று. வார்டில் நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரே தவறுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன். உனக்கு நேரமில்லை என்று தெரியும். பஸ்ஸில் வரும்போதாவது படித்துவிடு.

முதலில் விஷயம் என்ன என்று புரிந்துகொள்

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எட்டு ஒன்பது பேருக்கு இதயத்தில் ஏதோ ஒரு பிறவிக் குறை இருக்கிறது. ஓட்டை, குறுகிய வால்வு, இடம் மாறிய குழாய் என்று பல வகை. முன்பு இவர்களில் பலர் பள்ளிக்கூடம் போகும் வயதைக்கூடத் தாண்டியதில்லை. இப்போது ஆபரேஷன் செய்து வளர்ந்து, படித்து, வேலைக்கு வந்துவிட்டார்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் சரிசெய்த இதயமும் பிறந்தபடியே இருக்கும் இதயமும் ஒன்றல்ல.

வீட்டில் சிங்க் குழாயைப் பார். தண்ணீர் நேராக ஓடும் இடத்தில் அழுக்கு ஒட்டாது. வளைவிலும் இணைப்பிலும்தான் ஒட்டும். இதயமும் அப்படித்தான். ஓட்டை வழியாகவோ குறுகிய வால்வு வழியாகவோ ரத்தம் சீறிப் பாயும் இடத்தில் உள்சவ்வு தேய்ந்திருக்கும். பேட்ச், செயற்கை வால்வு, குழாய் வைத்த இடமும் கிருமிக்கு வசதியான திண்ணை. வாயிலிருந்தோ தோலிலிருந்தோ ரத்தத்துக்குள் நுழைந்த பாக்டீரியா அங்கே ஒட்டிக் கூடு கட்டும். இதைத்தான் எண்டோகார்டைடிஸ் என்கிறார்கள். அந்தக் கூட்டிலிருந்து துண்டு உடைந்து மூளைக்கும் நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். வால்வையே அரித்துவிடும்.

பயந்து நடுங்க வேண்டாம். நெதர்லாந்தில் பிறவி இதயக் குறை உள்ள பெரியவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்ததில், வருடத்துக்கு ஆயிரம் பேரில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் இது வந்தது. ஆனால் குறையில்லாத இதயம் உள்ளவர்களோடு ஒப்பிட்டால் அதுவே பல மடங்கு. பென்சிலின் வருவதற்கு முன்னால் இந்த நோய் வந்தவர் பிழைப்பது அபூர்வம். இன்றைக்கும் உயிரைக் கொண்டுபோகும் நோய்தான். சீக்கிரம் பிடித்தால் குணமாக்கலாம்.

1. உன் இதயத்தின் ஜாதகத்தைக் கையில் வை

"ஓட்டை அடைச்சாச்சு" என்பது பதில் இல்லை. எந்த ஓட்டை? மேல் அறையிலா, கீழ் அறையிலா? தையலா, பேட்ச்சா, தொடை வழியாக வைத்த டிவைஸா? கசிவு மிச்சம் இருக்கிறதா? வால்வு வைத்திருந்தால் உலோகமா, திசுவா? நம் பக்கத்தில் நிறையப் பேருக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா நிலையத்தில் உருவான சித்ரா வால்வு இருக்கிறது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைத்ததிலிருந்து பல்லாயிரம் பேர் அதோடு வாழ்கிறார்கள். வால்வு வைத்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு கார்டு கொடுத்திருப்பார்கள். அது இப்போது எங்கே இருக்கிறது, சொல் பார்ப்போம்?

* டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி எக்கோ ரிப்போர்ட், வால்வு கார்டு மூன்றையும் போனில் படம் எடு. அக்கா, அண்ணன், கூடத் தங்கியிருக்கும் நண்பன் என்று ஒருவருக்கு அனுப்பியும் வை. நீ மயங்கிக் கிடக்கும்போது உன் போனைத் திறக்க யாருக்கும் தெரியாது.

* ரிப்போர்ட் தொலைந்துவிட்டதா? ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு பிரிவில் பெயரும் வருடமும் சொல்லிக் கேள். அதுவும் கிடைக்காவிட்டால் ஒரு எக்கோ எடுத்தாலே பாதி தெரிந்துவிடும்.

* எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வளர்ந்ததும் அங்கே பார்க்க மாட்டார்கள். அந்த இடைவெளியில்தான் பாதிப் பேர் காணாமல் போகிறார்கள். பத்து வருடமாக எந்த இதய டாக்டரையும் பார்க்காத பிள்ளைகளை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பிறவி இதயக் குறை உள்ள பெரியவர்களைப் பார்த்துப் பழகிய கார்டியாலஜிஸ்ட் ஒருவரைப் பிடி. நன்றாக இருக்கும்போதே ஒருமுறை போய் முகம் காட்டிவிட்டு வா.

2. நீ எந்த வரிசையில் நிற்கிறாய்?

எல்லோருக்கும் ஒரே அளவு ஆபத்து இல்லை. அதிக ஆபத்து வரிசை இது:

* செயற்கை வால்வு வைத்தவர்கள் (உலோகம், திசு, கத்தீட்டர் வழியாக வைத்தது எல்லாமே), வால்வைச் சரிசெய்ய வளையம் போட்டவர்கள், வால்வுள்ள குழாய் பொருத்தியவர்கள்.
* ஒருமுறை எண்டோகார்டைடிஸ் வந்து குணமானவர்கள்.
* உதடும் நகமும் நீலம் பாயும் வகைக் குறை உள்ளவர்களில் முழுதாகச் சரிசெய்யாதவர்கள், இடைக்கால ஷண்ட் மட்டும் வைத்தவர்கள்.
* பேட்ச் அல்லது டிவைஸ் வைத்து ஆறு மாதம் ஆகாதவர்கள்.
* பேட்ச் ஓரத்தில் கசிவு மிச்சம் இருப்பவர்கள்.

மேல் அறை ஓட்டையை அடைத்து ஆறு மாதம் தாண்டி, கசிவு இல்லை என்றால் உனக்கு ஆபத்து ரொம்பக் குறைவு. கீழ் அறையில் அடைக்காமல் விட்ட சின்ன ஓட்டை, பிறவியிலேயே மூன்று இதழுக்குப் பதில் இரண்டு இதழோடு வந்த அயோர்டிக் வால்வு ஆகிய இரண்டும் நடு வரிசை. "சின்ன ஓட்டைதானே, ஒண்ணும் பண்ணாது" என்று டாக்டர் சொன்னது மூச்சு வாங்காது என்பதற்காக. கிருமிக்கு அந்த ஓட்டை சின்னதா பெரியதா என்று தெரியாது.

3. காய்ச்சல் வந்தால்... இதை மட்டுமாவது மனப்பாடம் செய்

கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை. இந்த ஒன்றை மறக்காதே: ரத்தம் கல்ச்சருக்கு எடுக்கும் முன் ஆண்டிபயாடிக் ஒரு மாத்திரைகூட உள்ளே போகக் கூடாது.

காரணம் எளிது. கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தால்தான் அது எது, எந்த மருந்துக்கு மடங்கும் என்று தெரியும். மெடிக்கலில் வாங்கிப் போட்ட மூன்று நாள் மாத்திரை கூட்டைக் கலைக்காது. ரத்தத்தில் மிதக்கும் கிருமியை மட்டும் அடக்கிவைக்கும். காய்ச்சல் குறையும், நீ வேலைக்குப் போய்விடுவாய். உள்ளே வால்வு அரிபட்டுக்கொண்டிருக்கும். ஒரு வாரத்தில் காய்ச்சல் திரும்பும். அப்போது கல்ச்சர் எடுத்தால் ஒன்றும் வளராது.

* தெர்மாமீட்டர் வாங்கு. இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும். "உடம்பு சூடா இருக்கு" என்று கழுத்தைத் தொட்டுப் பார்ப்பதெல்லாம் கணக்கில் வராது. காலை, மாலை அளந்து போனில் குறித்து வை. ராத்திரி ஷிஃப்ட் போகிறவர்கள் தூங்கி எழுந்ததும் ஒன்று, வேலைக்குக் கிளம்பும் முன் ஒன்று.

* அதிக ஆபத்து வரிசையில் இருப்பவர்களுக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டினால் அன்றைக்கே இதய டாக்டருக்குப் போன் போக வேண்டும். மற்றவர்கள், சளி தும்மல் போன்ற வெளிப்படையான காரணம் எதுவும் இல்லாமல் மூன்று நாள் தாண்டினால் போக வேண்டும். ஆண்டிபயாடிக் போட்டு நின்ற காய்ச்சல் திரும்பி வந்தால், எந்த வரிசையாக இருந்தாலும் சரி, அன்றே கிளம்பு.

* பாரசிட்டமால் போடலாம், அது கல்ச்சரைக் கெடுக்காது. அளந்து எழுதிய பிறகு போடு. போட்ட பிறகு அளந்துவிட்டு "காய்ச்சலே இல்லை அக்கா" என்று வராதே.

* மருந்துக் கடைத் தம்பியிடம் "ஜுரத்துக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்காதே. அவர் நல்ல மனசோடு கொடுக்கும் மூன்று மாத்திரை உனக்கு மூன்று வாரம் தாமதத்தைக் கொடுக்கும்.

* மழைக்காலத்தில் நாவலூர், படூர், கேளம்பாக்கம் பக்கம் காய்ச்சல் என்றாலே டெங்கு டெஸ்டும் டைபாய்டு டெஸ்டும் எழுதுவார்கள். எடுத்துக்கொள், தப்பில்லை. டெங்கு இல்லை என்று வந்துவிட்டால் விஷயம் முடிந்தது என்று மட்டும் நினைக்காதே. டைபாய்டுக்கான விடால் டெஸ்ட்டில் லேசாக "பாசிட்டிவ்" காட்டுவது நம் ஊரில் சர்வ சாதாரணம். அதை நம்பி டைபாய்டு மருந்து ஆரம்பித்த பிறகு எண்டோகார்டைடிஸ் என்று தெரிந்த கதைகள் வார்டில் நிறைய.

* வலப்பக்க வால்விலோ நுரையீரலுக்குப் போகும் குழாயிலோ கிருமி பிடித்தால் இருமலும் நெஞ்சு வலியும் வரும். எக்ஸ்ரேயில் ஆங்காங்கே நிழல் தெரியும். நிமோனியா என்பார்கள், காசநோய் என்றும் நினைப்பார்கள். அந்த நேரத்தில் "எனக்கு இதயத்தில் குழாய் வைத்திருக்கிறது" என்ற உன் ஒரு வார்த்தை வைத்தியத்தையே திருப்பிவிடும்.

4. காய்ச்சல் இல்லாமலும் வரும்

இந்த நோய் சிலருக்கு மெதுவாக ஊரும். ஐ.டி. வேலைக்காரர்களுக்கு அது தெரியவே தெரியாது. அசதி என்றால் ஷிஃப்ட் என்பாய். ராத்திரி வியர்த்துத் தலையணை நனைந்தால் ஏசி சரியில்லை என்பாய். எடை குறைந்தால் மகிழ்ந்து போட்டோ போடுவாய். கண்ணு, ஜிம்முக்கே போகாமல் இரண்டு மாதத்தில் ஐந்து கிலோ குறைந்தால் அது நல்ல செய்தி இல்லை.

கவனிக்க வேண்டியவை: படி ஏறினால் புதிதாக மூச்சு வாங்குவது, பசியின்மை, காரணமில்லாத முதுகு வலி, மூட்டு வலி, சிறுநீர் கலங்கிச் சிவப்பாகப் போவது, நகத்துக்கு அடியில் சிராய் குத்தியதுபோல் கோடு, விரல் நுனியில் வலிக்கும் சின்ன முடிச்சு. கடைசி இரண்டும் எல்லோருக்கும் வராது. வராததால் நோய் இல்லை என்று அர்த்தமும் இல்லை.

5. ஆஸ்பத்திரியில் வாயைத் திற

* பதிவு எழுதும் இடத்திலேயே சொல்: "எனக்குப் பிறவி இதயக் குறை, இன்ன ஆபரேஷன் ஆகியிருக்கு, இத்தனை நாளா காய்ச்சல், ஆண்டிபயாடிக் போடலை." போட்டிருந்தால் பெயரும் தேதியும் சொல். திட்டுவார்கள் என்று மறைக்காதே. நான் திட்டியிருக்கிறேன். திட்டிக்கொண்டேதான் காப்பாற்றியும் இருக்கிறேன்.

* "பிளட் டெஸ்ட் எடுத்தாச்சு" என்பதும் கல்ச்சரும் வேறு வேறு. கல்ச்சருக்கு வேறு வேறு நரம்பிலிருந்து மூன்று தடவை எடுப்பார்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு பாட்டில், ஒரு பாட்டிலுக்கு ஏறக்குறைய 10 மில்லி. "இவ்வளவு ரத்தமா?" என்று கையை இழுக்காதே. குறைவாக எடுத்தால் கிருமி சிக்காது. பெரும்பாலும் ஓரிரு நாளில் வளரத் தொடங்கும். முடிவான ரிப்போர்ட்டுக்கு ஐந்து நாள்வரை பிடிக்கும்.

* டிரிப்ஸில் மருந்து ஏற்றும் முன் "சிஸ்டர், கல்ச்சர் எடுத்தாச்சா?" என்று கேள். கேட்டதற்காக எந்த நர்ஸும் கோபித்துக்கொள்ள மாட்டாள். பி.பி. இறங்கி, மூச்சுத் திணறி, நினைவு தடுமாறும் நிலை என்றால் டாக்டர்கள் காத்திருக்க மாட்டார்கள். சில நிமிடங்களில் கல்ச்சர் எடுத்துவிட்டு உடனே மருந்து ஆரம்பிப்பார்கள். அப்போது குறுக்கே நிற்காதே.

* நெஞ்சின் மேல் வைத்துப் பார்க்கும் எக்கோவில் ஒன்றும் தெரியவில்லை என்றால் வீட்டுக்கு ஓடாதே. செயற்கை வால்வும் பேட்ச்சும் அதில் பலநேரம் மறைத்துக்கொள்ளும். தொண்டை வழியாகக் குழாய் விட்டு எடுக்கும் எக்கோ தேவைப்படும். சந்தேகம் தீராவிட்டால் ஒரு வாரத்துக்குள் இன்னொரு தடவை பார்ப்பார்கள். தொண்டைக் குழாய் அரை மணி நேர அவஸ்தைதான். தாங்கிக்கொள்.

6. பல்லைக் கவனிக்காதவனுக்கு அக்கா கையால் குட்டு

கிருமி நுழையும் பெரிய வாசல் வாய். பல் பிடுங்கும்போது மட்டும் என்று நினைக்காதே. ஈறு வீங்கிச் சொத்தை நிறைந்த வாயில் பல் துலக்கும்போதும் முறுக்கு கடிக்கும்போதும் ரத்தத்துக்குள் பாக்டீரியா போகும். என்றைக்கோ ஒரு நாள் பல் பிடுங்குவதைவிட, தினம் தினம் நடக்கும் இந்தக் கசிவுதான் பெரிது.

* காலையும் ராத்திரியும் மிருதுவான பிரஷ். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து அப்படியே சாயாதே, துலக்கிவிட்டுப் படு.
* ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டர். கேளம்பாக்கத்திலேயே பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. "தூரம்", "செலவு" இரண்டும் செல்லாது.
* ஊக்கு, ஹேர்பின், தீக்குச்சியால் பல் குத்துகிற பழக்கத்தை இன்றோடு விடு.
* துலக்கினால் ரத்தம் வருகிறது என்று துலக்குவதை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ரத்தம் வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். நிறுத்தினால் ஈறு இன்னும் கெடும்.

அடுத்து, பல் வேலைக்கு முன்பு போடும் ஆண்டிபயாடிக். இதில்தான் குழப்பம் அதிகம். உன் அம்மாவின் பழைய சீட்டில் "பல் வைத்தியத்துக்கு முன் கட்டாயம் மருந்து" என்று இருக்கும். இப்போதைய டாக்டர் தேவையில்லை என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. முன்பு இதயக் குறை உள்ள பெரும்பாலோருக்கும் கொடுத்தார்கள். 2007-இல் அமெரிக்க இதயச் சங்கம் அதைச் சுருக்கி, மேலே நான் சொன்ன அதிக ஆபத்து வரிசைக்கு மட்டும் போதும் என்றது. ஐரோப்பிய இதய டாக்டர்கள் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அந்த வரிசைக்குக் கொடுக்கத்தான் சொல்கிறது.

அந்த வரிசையில் இருந்து, ஈறைக் கிளறும் வேலை (பல் பிடுங்குவது, ஆழமாகச் சுத்தம் செய்வது போன்றவை) என்றால், பெரியவர்களுக்கு வழக்கமாக அமாக்சிசிலின் 2 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நான்கு, ஒரே வேளையாக, வேலைக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு. அவ்வளவுதான். ஐந்து நாள் கோர்ஸ் இல்லை. பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் வேறு மருந்து எழுதுவார்கள். முன்பு அதற்குக் கொடுத்த கிளிண்டாமைசினை 2021-இலிருந்து வேண்டாம் என்கிறார்கள். பழைய சீட்டைக் காட்டி அதையே வாங்காதே. எதுவானாலும் உன் டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான். வெறும் பல் எக்ஸ்ரேவுக்கும் சாதாரண மரத்துப்போகும் ஊசிக்கும் இது வேண்டாம்.

உலோக வால்வு உள்ளவர்கள் பல் பிடுங்குவதற்காக, ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்துவது இன்னொரு பெரிய தப்பு. வால்வில் ரத்தம் உறைந்துபோகும். இதய டாக்டரும் பல் டாக்டரும் பேசிக்கொள்ளட்டும், நீ முடிவு எடுக்காதே.

7. தோல்: இரண்டாவது வாசல்

* பருவைக் கிள்ளாதே, நகத்தைக் கடிக்காதே. கட்டி வந்தால் மஞ்சள் பற்றுப் போட்டு வீட்டில் நசுக்காதே.
* கோவளம், மாமல்லபுரம் பக்கம் வார இறுதியில் போய் ஜாலிக்காக டாட்டூ, மூக்கு, நாக்கு, தொப்புள் குத்துவது உனக்கு வேண்டாம். அதிக ஆபத்து வரிசைக்கு டாக்டர்களே வேண்டாம் என்கிறார்கள்.
* "ரொம்ப டயர்டா இருக்கு, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திக்கிறேன்" என்று கிளினிக்கில் போய்ப் படுப்பதை நிறுத்து. காரணமில்லாமல் நரம்பில் குத்தும் ஒவ்வொரு ஊசியும் கிருமிக்குத் திறந்துவைத்த கதவு. இளநீர் குடி, தூங்கு. அசதி தீராவிட்டால் நாலாவது டிப்ஸைத் திரும்பப் படி.
* திருப்போரூர் முருகனுக்கு ஆடிக்கிருத்திகையில் அலகு குத்துவதாக அம்மா வேண்டியிருப்பாள், நீ பிழைத்ததற்காகவே வேண்டியிருப்பாள். அந்த மனசை நான் மதிக்கிறேன். நானும் முருகன் பக்தைதான். ஆனால் கன்னத்திலும் நாக்கிலும் வேல் குத்துவது உன் வால்வுக்கு ஆகாது. பால்குடம் எடு, காவடி தூக்கு. மொட்டை போட்டால் புது பிளேடு போடச் சொல்லி, உன் கண் முன்னால் மாற்றச் சொல்.

8. ஆறு வாரம் என்றால் ஆறு வாரம்

கூட்டுக்குள் ரத்த ஓட்டம் போகாது. அதனால் மருந்து உள்ளே ஊறி இறங்க நாளாகும். நரம்பு வழியாக நான்கிலிருந்து ஆறு வாரம். செயற்கை வால்வு என்றால் குறைந்தது ஆறு. காய்ச்சல் முதல் வாரத்திலேயே போய்விடும், ஆபத்து போகாது. பத்தாம் நாள் "நல்லாத்தானே இருக்கேன், ரிலீஸ் இருக்கு, மேனேஜர் கூப்பிடுறார்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன ஒரு தங்கச்சி, இருபதாம் நாள் வாய் கோணி ஸ்ட்ரெச்சரில் வந்தாள். அந்த முகம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

* மருந்து நேரம் தவறக் கூடாது. பாதிக் கோர்ஸை வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில் போட்டுக்கொள்கிறேன் என்று நீயாக முடிவு செய்யாதே.
* ஜென்டாமைசின் போட்டால் காதில் இரைச்சல், தலைசுற்றல், சிறுநீர் குறைவது ஆகியவற்றை உடனே சொல். காதையும் சிறுநீரகத்தையும் அது பாதிக்கும்.
* டாக்டர் ஆபரேஷன் என்றால் "மருந்திலேயே பார்க்கலாமே" என்று உறவினர் கூட்டம் போட்டு நாளைக் கடத்தாதே. வால்வு கிழிந்து இதயம் திணறினாலோ, மருந்துக்குக் கிருமி மடங்காவிட்டாலோ, பெரிய கூடு உடைந்து பறக்கும் நிலையில் இருந்தாலோ, காத்திருப்பதுதான் ஆபத்து.
* பணம்: கம்பெனிக் காப்பீட்டு அட்டையை முதல் நாளே கொடு. ஊரில் அப்பா அம்மாவோடு இருக்கும் தம்பி தங்கைகளுக்கு, குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அட்டையை நோய் வந்த பிறகு தேடாமல் இப்போதே எடுத்து வை. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் நமக்கு இருக்கின்றன.

9. உடனே 108

திடீரென்று ஒரு பக்கம் கை கால் இழுப்பது, பேச்சுக் குழறுவது, மூச்சுத் திணறல், மயக்கம், ஒரு கால் மட்டும் சில்லிட்டு வலிப்பது. நீலம் பாயும் வகை உள்ளவர்களுக்குக் காய்ச்சலோடு கடும் தலைவலியும் வாந்தியும் வந்தால் மூளையில் சீழ்க்கட்டியாக இருக்கலாம். அவர்கள் ரத்தத்தில் ஒரு பகுதி நுரையீரலில் வடிகட்டப்படாமலே மூளைக்குப் போகிறது. இதற்கெல்லாம் ஆட்டோ பிடிக்காதே. மெட்ரோ வேலை நடக்கும் ஓ.எம்.ஆரில் சாயங்கால நெரிசல் எப்படி என்று உனக்கே தெரியும்.

கூட வருகிறவர்கள் ஆஸ்பத்திரி வாசலிலேயே சொல்ல வேண்டியது: "இதயத்துல தொற்று இருக்கு, இல்லன்னா இருக்கலாம்னு சந்தேகம்." பக்கவாதம் என்று வந்தவருக்கு வழக்கமாக ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவார்கள். எண்டோகார்டைடிஸில் அந்த ஊசியால் மூளைக்குள் ரத்தம் கசியலாம் என்பதால் போடுவதில்லை. இந்த ஒரு வாக்கியத்தை உன் ரூம் நண்பனுக்குச் சொல்லிவை.

10. மறைக்காதே

கல்யாணப் பேச்சு வந்தால் தழும்பை மறைப்பது நம் வீடுகளில் நடக்கிற விஷயம். "யாருக்கும் சொல்லாதே, சம்பந்தம் கைவிட்டுப் போயிடும்" என்பார் அத்தை. விளைவு என்ன தெரியுமா? கட்டிக்கொண்டவருக்குத் தெரியாது, புது ஊர் டாக்டருக்குத் தெரியாது, பல் டாக்டருக்குத் தெரியாது. காய்ச்சலில் கிடக்கும்போது சொல்ல ஆள் இல்லை. உன் இதயத்தைப் பற்றித் தெரிந்தே உன்னைக் கட்டுகிறவர்தான் உனக்கு வேண்டும். பெண்பிள்ளைகள் குழந்தைக்குத் திட்டமிடும் முன்பு இதய டாக்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கர்ப்பம் தரித்த பிறகு ஓடி வந்தால் வழிகள் குறைந்துவிடும்.

ஒருமுறை வந்து குணமானவர்கள் வாழ்நாள் முழுக்க அதிக ஆபத்து வரிசைதான். கீழ்வீட்டுப் பையன் இப்போது பர்ஸில் தெர்மாமீட்டர் அளவு எழுதிய சீட்டும் பேட்ச் விவரமும் வைத்திருக்கிறான். அடுத்த தடவை காய்ச்சல் வந்தபோது மாத்திரை போடும் முன் கல்ச்சர் எடுத்தார்கள், அது வெறும் வைரஸ் என்று தெரிந்து வேலைக்குப் போனான்.

நெஞ்சில் தழும்போ, தொடை வழியாக டிவைஸ் வைத்த கதையோ உனக்கு இருந்தால், இன்றைக்கு ராத்திரி ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும் முன் அம்மாவுக்கு ஒரு போன் போடு. பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு பழைய ஃபைல் இருக்கும். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்.